பெர்முடாவில் யாரு ஜெயிச்சது?

சிந்திய சர்க்கரையை முதலில் கண்டுபிடிக்கிற எறும்பும், கடைசியில் அதை அள்ளிக்கொண்டு போகிற எறும்பும் பல நேரங்களில் வேறு வேறு இனம். ஓர் இனம் வந்தால் இன்னொன்று ஒதுங்கிவிடும். எது வந்தால் எது ஒதுங்குகிறது என்று பார்த்துப் பார்த்து, சூழலியலாளர்கள் எறும்பினங்களுக்குள் ஒரு மேல்கீழ் வரிசை போடுகிறார்கள். இந்த வரிசை மாறாமல் அப்படியே இருக்குமா என்று தேடிப் போனபோதுதான் பெர்முடாவின் கதை எனக்குக் கிடைத்தது.

வட அட்லாண்டிக்கில் தனித்துக் கிடக்கும் சின்னத் தீவுக்கூட்டம் அது. மொத்தமே சுமார் 53 சதுர கிலோமீட்டர். 19ஆம் நூற்றாண்டிலிருந்து அங்கே கோலோச்சியது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பெருந்தலை எறும்பு. உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலையோடு சிப்பாய்களைக் கொண்ட இனம். 1940களில் தென் அமெரிக்காவின் அர்ஜென்டினா எறும்பு வந்து இறங்கியது. இதன் வேலைக்கார எறும்பு சுமார் மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும், சிப்பாய்களும் கிடையாது. ஆனால் பல ராணிகள், பல புற்றுகள், எல்லாம் சேர்ந்து ஒரே கூட்டம். பக்கத்துப் புற்றோடு சண்டையே இல்லை. பெருந்தலையும் அப்படித்தான் வாழும். அதனால் மோதியது இரண்டு புற்றுகள் இல்லை, இரண்டு பேரரசுகள்.

புதிதாக வந்தது மளமளவென்று இடம் பிடித்தது. ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப வந்து எல்லைகளைக் குறித்தார்கள். இது சமநிலையா, மெதுவாக நடக்கும் வெளியேற்றமா என்ற கேள்வியையே 1965இல் ஹாஸ்கின்ஸ் தம்பதியர் தங்கள் கட்டுரைக்குத் தலைப்பாக வைத்தார்கள். 1968இல் க்ரோவெல் வெளியேற்றத்தின் வேகத்தைக் கணக்கிட்டார். பெருந்தலையின் கதை அவ்வளவுதான் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றியிருக்கும்.

அப்படி முடியவில்லை. 2002இல் வெட்டரர் கணக்கெடுத்தபோதும் இரண்டு இனமும் அங்கேயே இருந்தன. இடைப்பட்ட ஐம்பது ஆண்டுகளில் சில இடங்கள் கைமாறின, சில திரும்பக் கைமாறின. எல்லை நகர்ந்துகொண்டே இருந்ததே தவிர யாரும் முழுசாக ஜெயிக்கவில்லை.

ஹவாயில் இதே இரண்டு இனங்களையும் பார்த்தால் ஒரு காரணம் பிடிபடுகிறது. வெக்கையான தாழ்நிலம் பெருந்தலைக்கு, குளிர்ந்த மலைச்சரிவு அர்ஜென்டினா எறும்புக்கு. வரிசையில் யார் மேலே என்பதை வெயிலும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. இது ராஜாக்களின் வரலாற்றுக்கும் பொருந்தும் என்று எனக்குப் படுகிறது. போர் நடக்கும்போது எழுதப்படும் வரலாறு, முன்னேறுகிறவன் முன்னேறிக்கொண்டே இருப்பான் என்று நம்பிவிடுகிறது.

இந்தக் கதையில் மூன்றாவதாக ஓர் எறும்பும் உண்டு. ஓடோன்டோமாகஸ் இன்சுலாரிஸ் என்று பெயர். பெர்முடா எறும்பு என்றே அழைக்கிறார்கள். பேரரசுகளின் சண்டையில் அது எந்தப் பக்கமும் இல்லை. அழிந்தே போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தார்கள். 2002இல் அதுவும் உயிரோடு கண்ணில் பட்டது.