மீசான் இல்லாதோர்க்கு ஒரு மதில்

நம் ஊர்களில் ஒருவரை நல்லடக்கம் செய்தபின் கப்ரின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் மீசான் கல் நடுகின்றோம். அக்கல்லால் மய்யித்துக்கு ஆவதொன்றுமில்லை. இன்னார் இங்கே அடங்கியிருக்கிறார் என்று வருவோர் அறிந்து, ஸலாம் கூறி, துஆச் செய்வதற்கு அஃதோர் அடையாளம், அவ்வளவே. கப்ரே இல்லாமற் போனவர்க்குக் கல்லை எங்கே நடுவது? இவ்வினாவுக்கு விடையாக எழுந்த ஒரு கற்கட்டடத்தைப் பற்றி ஈண்டுச் சிறிது சிந்திப்போம்.

பிரான்ஸ் நாட்டின் வடபுறத்தில் நெவ் சாப்பல் என்றோர் ஊர் உண்டு. முதல் உலகப் போரின்போது, 1915 மார்ச் 10 முதல் 13 வரை, அங்கே கடும்போர் நிகழ்ந்தது. லாகூர், மீரட் பிரிவுகளைக் கொண்ட இந்தியப் படை முழுப் படையாக ஒன்றிணைந்து நடத்திய முதற் பெருந்தாக்குதல் அதுவே. அந்நான்கு நாள்களில் அப்படையினருள் மாண்டோரும் காயமுற்றோரும் காணாமற் போனோரும் 4,000-க்கு மேற்பட்டவர். பீரங்கிக் குண்டுகள் உழுதுபோட்ட சேற்று நிலத்தில் பலருடைய உடல்கள் கிடைக்கவேயில்லை.

அவர்களுக்காக அவ்வூரில் அமைந்த நினைவகம் 1927 அக்டோபர் 7-ஆம் நாள் திறக்கப்பெற்றது. அதை வடிவமைத்தவர் சர் ஹெர்பர்ட் பேக்கர். 2023 வரை நம் நாடாளுமன்றம் கூடிவந்த தில்லி வட்டக் கட்டடமும் அவர் வரைந்ததே; அதுவும் அதே 1927-இல்தான் திறக்கப்பெற்றது. இங்கும் அவர் வட்டத்தையே தேர்ந்தார். பண்டைய இந்தியத் திருத்தலங்களைச் சூழ்ந்த மதிலைப் போல ஒரு கல் வளையம். அதன் ஒரு பகுதியில் காற்றும் ஒளியும் ஊடுருவும் துளையிட்ட கல் வேலைப்பாடு. முகலாயர் கட்டடங்களில் நாம் கண்டு வியக்கும் ஜாலியை அது நினைவூட்டும். குவிமாடம் தாங்கிய சத்திரிகளும் உண்டு. மறுபகுதி திண்ணிய மதில். முகப்பில், அசோகர் நிறுத்திய தூண்களின் சாயலில், ஏறத்தாழ 15 மீட்டர் உயரத்தில் ஒரு தூண். அதன் உச்சியில் தாமரையும், பிரிட்டிஷ் மகுடமும், இந்திய நட்சத்திரமும். இருமருங்கும் காவலாக இரு கற்புலிகள்.

தூணின் அடிப்பகுதியில், இறைவன் ஒருவன் என்றும் வெற்றி அவனுக்குரியது என்றும் பொருள்படும் வாசகத்தை ஆங்கிலத்தில் பொறித்துள்ளனர். அதையொத்த வாசகங்கள் அரபியிலும் இந்தியிலும் குர்முகியிலும் உள்ளன. பேரரசின் மகுடம் உச்சியில் வீற்றிருக்க, வெற்றி மன்னனுடையதன்று என்று அடிக்கல் அறிவிக்கின்றது! இதைச் செதுக்கச் சொன்னவர்கள் இம்முரணை உணர்ந்தனரோ என்னவோ, அரபி எழுத்தைப் படிக்கும் நாம் உணராதிருக்க இயலாது.

எனினும் இந்நினைவகத்தின் உயிர் தூணிலும் இல்லை, புலியிலும் இல்லை; அத்திண்ணிய மதிலில் உள்ளது. கப்ரோ சிதையோ காணாத 4,700-க்கு மேற்பட்ட வீரர், தொழிலாளர் பெயர்கள் அதில் வரிசை வரிசையாக வெட்டப்பட்டுள்ளன. முஸ்லிமும் இந்துவும் சீக்கியரும் கூர்க்கரும் தத்தம் படையணிகளின் கீழ் அடுத்தடுத்து நிற்கின்றனர்.

பெயர் பொறித்தல் பெரிய காரியமா என்று கேட்கலாம். பஸ்ராவைப் பாருங்கள். மெஸப்பொட்டாமியாப் போரில் மாண்டோர்க்காக 1929-இல் அங்கே திறந்த நினைவகத்தில் அதிகாரிகளின் பெயர்கள் இருந்தன. ஆனால் பல்லாயிரம் இந்தியச் சிப்பாய்கள் படையணியின் பெயருக்குக் கீழே ஓர் எண்ணிக்கையாக மட்டுமே குறிக்கப்பெற்றனர். ஐரோப்பிய மண்ணில் இறந்தவனுக்குப் பெயர். பஸ்ராவில் இறந்த அவன் சகோதரனுக்கு வெறும் இலக்கம்! இத்தகைய ஏற்றத்தாழ்வு நிகழ்ந்ததை, இந்நினைவகங்களைப் பேணும் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் 2021-இல் ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கோரிற்று.

அதே ஆண்டில் மற்றொன்றும் நிகழ்ந்தது. லாகூர் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் கிடந்த பஞ்சாபுப் பதிவேடுகளின் ஒரு பகுதி, எவரும் தேடிப் பார்க்கும் வகையில் வெளியாயிற்று. போருக்குச் சென்ற சுமார் 3,20,000 பேரின் விவரங்கள் ஊர் ஊராக எழுதப்பெற்ற ஏடுகள் அவை. பேரன்மாரும் கொள்ளுப்பேரன்மாரும் தம் ஊரின் பக்கத்தைத் தேடி, தம் முன்னோர் பெயரைக் கண்டெடுக்கின்றனர். மகுடத்துக்குரிய ஆட்சி 1947-இல் நீங்கிவிட்டது. நெவ் சாப்பல் மதிலில் பெயர்கள் இருக்கின்றன. பஸ்ராவில் விடுபட்டவர்களின் பெயர்களை இனியேனும் எழுதி முடிப்பது உயிரோடிருப்போரின் கடமையாகும்.