தொழிற்சாலை இசை பிறந்த கதை

இரவெல்லாம் ஏற்றம் ஏறும் லாரிகள், காட்டை ஒட்டி ஓடும் ரயில்கள், மலபார் சிமெண்ட்ஸ் ஆலை, கொஞ்சம் தள்ளிக் கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டை. வாளையார்க்காரர்கள் இந்தச் சத்தங்களுக்கு நடுவில்தான் தூங்கி எழுகிறார்கள். இதையெல்லாம் இரைச்சல் என்று தள்ளாமல், எங்கள் காலத்தின் இசையே இதுதான் என்று சொன்ன நால்வர் லண்டனில் இருந்தார்கள். அவர்களுடைய குழு ஆறு வருடம்கூட முழுதாக நிற்கவில்லை. ஆனால் 'இண்டஸ்ட்ரியல்' என்ற இசைவகைக்குப் பெயர் வந்தது அவர்களால்தான்.

குழுவின் பெயர் த்ராபிங் கிரிசில். தொடங்கியது 1975 செப்டம்பர் 3. ஜெனிசிஸ் பி-ஆரிட்ஜும் கோசி ஃபன்னி டுட்டியும் ஹல் என்ற துறைமுக நகரத்தில் நிகழ்த்துகலை செய்துவிட்டு லண்டன் வந்தவர்கள். பீட்டர் கிறிஸ்டோபர்சன் இசைத்தட்டு உறைகளை வடிவமைத்தவர். கிறிஸ் கார்ட்டர் சின்தசைசரைத் தானே கட்டத் தெரிந்தவர். ஹாக்னி பகுதியில், மார்டெல்லோ தெருவிலிருந்த பழைய தொழிற்கூடக் கட்டடம் ஒன்றின் அடித்தளம்தான் ஒலிப்பதிவுக் கூடம். அதற்கு 'மரணத் தொழிற்சாலை' என்று பெயர் வைத்தார்கள்.

ராக் இசையின் வேர் அமெரிக்காவில் அடிமைகளின் வழிவந்தவர்கள் பாடிய ப்ளூஸில் இருக்கிறது. அதைத் தொழிற்புரட்சிக் காலத்துக்காவது கொண்டுவர வேண்டும் என்பது பி-ஆரிட்ஜின் வாதம். அதனால் குழுவில் டிரம்ஸ் அடிப்பவரே கிடையாது. தாளத்தைக் கார்ட்டரின் கருவிகள் கொடுத்தன. தெருவிலும் வீட்டிலும் பதிவான குரல்களையும் ஓசைகளையும் கேசட்டுகளில் ஏற்றி, விசைப்பலகையில் கட்டைகளை அழுத்தி ஒலிக்கவிட்டார் கிறிஸ்டோபர்சன். சாம்ப்ளர் கருவி பரவலாகக் கிடைக்காத காலம் அது.

1976 அக்டோபரில் லண்டனின் சமகாலக் கலை நிறுவனத்தில் அவர்கள் வைத்த கண்காட்சி பெரும் கூச்சலைக் கிளப்பியது. நாடாளுமன்ற உறுப்பினர் நிக்கோலஸ் ஃபேர்பேர்ன் இவர்களை நாகரிகத்தை நாசம் செய்கிறவர்கள் என்று சாடினார். குழு அசரவில்லை. அதே ஆண்டு 'இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ்' என்று சொந்த நிறுவனம் ஆரம்பித்தது. தொழில்யுக மக்களுக்குத் தொழில்யுக இசை என்ற பொருளில் அதற்கு ஒரு முழக்கம் தந்தவர் கலிபோர்னியக் கலைஞர் மான்டி கசாசா.

1977இல் முதல் இசைத்தட்டு வந்தது. அச்சிட்டது 785 பிரதிகள்தான். பெரிய நிறுவனங்களின் வாசலில் நிற்காமல் தாங்களே பதிந்து, தாங்களே விற்றார்கள். எஃகு நகரமான ஷெஃபீல்டின் கேபரே வால்டேர் போன்ற குழுக்களுக்கும் அதே நிறுவனம் இடம் கொடுத்தது. இந்தத் தன்னிச்சைதான் அவர்கள் விட்டுப்போன பெரிய சொத்து என்பேன். சத்தம்கூட அதற்கு அடுத்ததுதான்.

1981 மே 29 அன்று சான் பிரான்சிஸ்கோவில் கடைசிக் கச்சேரி. பிறகு, பணி முடிந்தது என்று தபாலட்டை அனுப்பிவிட்டுக் கலைந்தார்கள். 2004இல் மறுபடி கூடினாலும், வரலாற்றில் நிற்பது அந்த முதல் ஆறு ஆண்டுகளே.

கிறிஸ்டோபர்சன் பிறகு 'காயில்' குழுவில் இருந்தார். ட்ரென்ட் ரெஸ்னரின் நைன் இஞ்ச் நெய்ல்ஸ் குழுவுக்கு 1993இல் 'ப்ரோக்கன்' என்ற குறும்படத்தை இயக்கியவரும் அவரே. காயிலின் 1984ஆம் ஆண்டு இசைத்தட்டின் பெயரைத்தான் ரெஸ்னர் தன் இன்னொரு குழுவுக்கு வைத்தார். அந்த ரெஸ்னரே 'தி சோஷியல் நெட்வொர்க்' படத்தின் பின்னணி இசைக்காக, அட்டிகஸ் ராஸுடன் சேர்ந்து 2011இல் ஆஸ்கர் வாங்கினார். 785 பிரதிகளில் தொடங்கிய இசை போய்ச் சேர்ந்த தூரம் அது.

வாளையாரிலும் கஞ்சிக்கோட்டிலும் வளரும் பிள்ளைகளே, அன்று அவர்களிடம் கேசட் இருந்தது, இன்று உங்களிடம் கைபேசி இருக்கிறது. உங்கள் ஊர் எழுப்பும் ஒலியைப் பதியுங்கள், அதில் உங்கள் பாட்டைக் கட்டுங்கள், நீங்களே வெளியிடுங்கள். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.