விளிம்பில் ஏறும் வெப்பம்: காஞ்சிபுரத்து நெசவுக் கத்தரியும் மின்சாணையும்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறியிலிருந்து இறங்கிய பட்டுப் புடவையைப் புரட்டிப் போட்டால், புட்டாக்களின் பின்புறம் தொங்கல் இழைகள் தெரியும். அவற்றைத் துணியை ஒட்டி நறுக்குவது கத்தரியின் வேலை. வாய் மழுங்கிய கத்தரியில் இழை அறுபடாது. இரண்டு அலகுக்கும் நடுவே மடிந்து சிக்கும். பிடித்து இழுத்தால் புட்டாவே கோணிக்கொள்ளும். அலகை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மழுங்கிய இடம் மெல்லிய வெள்ளைக் கோடாக மின்னும். கூரான வாயில் அந்தக் கோடு இருக்காது.

மின்சாணையில் தீட்டிய கத்தரி சீக்கிரம் மழுங்கிவிடுகிறது என்பது பரவலான குறை. அந்தக் குறையில் உண்மை இருக்கிறது. ஆனால் பழியை மோட்டாரின் மேல் மட்டும் போடுவதை ஏற்பதற்கில்லை. முன்பு காலால் மிதித்துச் சுற்றிய சாணைச் சக்கரம், அதாவது மிதிசக்கரம், எஃகைக் காத்ததற்குச் சாணைக்காரரின் கைப்பக்குவம் ஒரு காரணம். சக்கரத்தின் பலக்குறைவு அதைவிடப் பெரிய காரணம். ஒரு மனிதர் தொடர்ந்து மிதித்துத் தரக்கூடிய திறன் ஏறத்தாழ 75 வாட். அரைக் குதிரைத்திறன் மோட்டார் தருவது 373 வாட். சாணையில் செலவாகும் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகிறது; உலர்ந்த கல்லில் அந்த வெப்பத்தில் பெரும்பங்கு அலகுக்குள்ளேயே இறங்குகிறது. மிதிசக்கரத்தில் கத்தரியை அழுத்தினால் சக்கரம் தயங்கி நிற்கும். மோட்டாரோ அதே அழுத்தத்திலும் சுற்றிக்கொண்டே இருக்கும். 150 மி.மீ. கல் நிமிடத்துக்கு 2,850 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு நொடிக்குச் சுமார் 22 மீட்டர் ஓடுகிறது.

‘ஒரு நொடிதானே பட்டது’ என்ற சமாதானம் இங்கே எடுபடாது. கொல்லர் தோய்ச்சல் வைத்த பிறகு மறுபடி இளஞ்சூடு காட்டிப் பதப்படுத்துவது, எஃகின் நொறுங்கும் குணத்தைப் போக்கத் தேவையான அளவுக்கு மட்டும் அதை இளக்குவதற்காக. இந்த இளக்கத்தில் வெப்பநிலையையும் நேரத்தையும் உலோகவியலாளர்களான ஹாலமனும் ஜாஃபியும் 1945இல் ஒரே சமன்பாட்டில் இணைத்தார்கள். அதில் நேரம் மடக்கையாகத்தான் வருகிறது. வழக்கமான மாறிலியான 20ஐ வைத்துக் கணக்கிட்டால், 200 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்தால் வரும் இளக்கம், சுமார் 300 டிகிரியில் ஒரே நொடியில் வந்துவிடும். அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு டிகிரியும் கொல்லர் வைத்த பதத்தைக் குலைக்கிறது.

நிறத்தை நம்புகிறவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். வெளிர்மஞ்சள் 220, பழுப்பு 255, ஊதா 280, நீலம் 300 டிகிரி என்ற பட்டியல் கரிம எஃகைச் சில நிமிடங்கள் சூட்டில் வைத்தால் தோன்றும் நிறங்களுக்கானது. சாணையில் கண்ணிமைக்கும் நேரத்தில் அலகு நீலம் பாரித்தால், சூடு 300ஐத் தாண்டி வெகுதூரம் போயிருக்கிறது என்று பொருள். நீலத்தைத் தேய்த்து எடுத்துவிட்டால் நிறம்தான் போகும். அடியில் இளகிய எஃகு அப்படியே இருக்கும். விரலும் நம்பத்தக்க சாட்சியல்ல. பிடித்திருக்கும் இடம் சுடுவதற்கு முன்பே விளிம்பு கெட்டிருக்கலாம். அடிக்கடி தண்ணீரில் முக்குவது நல்ல பழக்கம்தான். ஆனால் தண்ணீர் கிடைப்பதற்குள் இளக்கம் நடந்து முடிந்திருக்கும். தேய்க்கும்போதே கல்லின் மேல் நீர் ஓடினால்தான் முழுப் பலன்.

தென்னிந்திய எஃகின் வரலாற்றிலும் சூட்டின் அளவறியும் நுட்பம் உண்டு. ஒன்று முதல் இரண்டு விழுக்காடு வரை கரிமம் கொண்ட மூசை எஃகைத் தங்கள் வழக்கப்படி வெண்சூட்டில் அடித்த ஐரோப்பியக் கொல்லர்கள், அது பொடிந்து உதிர்வதைக் கண்டார்கள். அதை மிதமான சூட்டில்தான் அடிக்க வேண்டும் என்பது இங்குள்ள கொல்லர்களுக்குத் தெரிந்திருந்தது.

என் வாதம் இதுதான்: மோட்டார் இருக்கட்டும், கடைசி விளிம்பை அதனிடம் விடவேண்டாம். கூர்முனை நெருங்க நெருங்க எஃகின் கனம் பூச்சியத்தை நோக்கிக் குறைகிறது. சூட்டை உள்வாங்க அங்கே பொருளே இல்லை. விளிம்புக்குப் பின்னால் தடித்திருக்கும் சரிவின் தோளை மோட்டார் தேய்க்கட்டும். பிசிறு எழும்புவதற்கு முன்பே நிறுத்தி, மிச்சத்தை ஈரமான கைக்கல்லில் முடிக்க வேண்டும். இதனால் நேரமும் கூலியும் கூடும் என்ற எதிர்வாதம் வலுவானதல்ல. முறையாகத் தோள் எடுத்த அலகுக்குக் கைக்கல்லில் சில இழுப்புகளே போதும்.

கல்லைத் தேர்வதிலும் பிழை நடக்கிறது. கடினமான எஃகுக்குக் கடினமான கல் வேண்டும் என்று தோன்றும். தேவை அதற்கு நேர்மாறு. பிணைப்பு இளகிய வெள்ளை அலுமினா கல்லில் மழுங்கிய மணிகள் தாமாக உதிர்ந்து புதிய மணிகள் வெளிப்படும். இறுகிய கல் பளபளத்துப்போய், வெட்டாமல் உரசும். உரசல் அத்தனையும் சூடாகும். வைர முனையால் கல்லின் முகத்தை அவ்வப்போது சீவிவிட்டாலே பாதிச் சிக்கல் தீரும். நிமிடத்துக்கு 1,425 சுற்று மோட்டார் வாங்க முடிந்தால், அதே அழுத்தத்தில் வெப்பம் ஏறத்தாழ பாதியாகும்.

கத்தரிக்கு இன்னொரு விதி உண்டு. இரண்டு அலகும் உரசிச் செல்லும் உட்பக்கத்தை மோட்டாரில் காட்டவே கூடாது. அங்குள்ள மெல்லிய குழிவுதான் இரண்டு வாயும் ஒரே புள்ளியில் சந்தித்து நகரச் செய்கிறது. அது தட்டையாகிவிட்டால் எவ்வளவு கூர் வைத்தாலும் பட்டிழை மடிந்துதான் சிக்கும்.