படுக்கையை விட்டு எழுதல்: தூக்கமின்மைச் சிகிச்சை மாத்திரையிலிருந்து பழக்கத்துக்கு வந்த வரலாறு

தூக்கம் வரவில்லை என்று யாராவது சொன்னால் நம் எல்லோரிடமும் யோசனை தயாராக இருக்கும். மாலைக்கு மேல் காபி குடிக்காதே, செல்போனைத் தள்ளி வை, சூடாகப் பால் குடி, சீக்கிரம் போய்ப் படு. இவற்றில் கடைசி யோசனை நாள்பட்ட தூக்கமின்மையைத் தீர்ப்பதற்குப் பதில் வளர்க்கிறது. மருத்துவ உலகம் இதைக் கண்டுகொள்ள இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி கழிய வேண்டியிருந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 1869 முதல் இன்றுவரை தூக்கமின்மைக்கு அளிக்கப்பட்ட சிகிச்சைகளை வரிசையாகப் பார்த்தால் ஒரு திருப்பம் தெளிவாகத் தெரியும். தூக்கம் எதனால் கெட்டது என்று தேடிக்கொண்டிருந்தவர்கள், ஒரு கட்டத்தில், கெட்ட தூக்கம் மாதக்கணக்கில் சீராகாமலே இருப்பது எதனால் என்று கேட்கத் தொடங்கினார்கள். இன்றைய சிகிச்சை இந்த இரண்டாம் கேள்வியிலிருந்துதான் பிறந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மாத்திரையின் நூற்றாண்டு

ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் 1832இல் உருவாக்கிய குளோரல் ஹைட்ரேட், 1869இல் பெர்லினில் ஆஸ்கர் லீப்ரைக் அதன் உறக்கமூட்டும் தன்மையை வெளியிட்ட பிறகு மருந்துக்கடைக்கு வந்தது. அபினியையும் சாராயத்தையும் நம்பியிருந்த வீடுகளில் அது வேகமாகப் பரவியது. 1903இல் எமில் ஃபிஷரும் ஜோசப் ஃபான் மெரிங்கும் பார்பிடாலை அறிமுகப்படுத்தினர். 'வெரோனால்' என்ற பெயரில் அது விற்பனையானது. 1912இல் ஃபீனோபார்பிடால் வந்தது. அடுத்த அரை நூற்றாண்டு இந்த பார்பிச்சுரேட் குடும்பத்துக்கே உரியது.

இந்த மருந்துகளின் ஆபத்து அளவில் இருந்தது. உறங்க வைக்கும் அளவுக்கும் உயிரைப் பறிக்கும் அளவுக்கும் இடையே இருந்த தூரம் மிகக் குறைவு. உடல் பழகப் பழக அளவைக் கூட்ட வேண்டியிருந்தது. மது சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடும். 1962இல் மர்லின் மன்றோ இறந்தபோது அவர் உடலில் பார்பிச்சுரேட், குளோரல் ஹைட்ரேட் இரண்டுமே இருந்தன. மருந்து வரலாற்றின் இரண்டு தலைமுறைகள் ஒரே உடலில் சந்தித்த துயரம் அது.

பாதுகாப்பான மாற்று வேண்டும் என்ற அவசரம் இன்னொரு பேரழிவுக்கு வழிவிட்டது. மேற்கு ஜெர்மனியில் 1957இல் தாலிடமைடு, அமைதியூட்டும் மருந்தாகவும் தூக்க மருந்தாகவும் மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்கப்பட்டது. கர்ப்பிணிகளும் அதை உட்கொண்டார்கள். 1961 நவம்பரில் அது திரும்பப் பெறப்படுவதற்குள், பல நாடுகளிலுமாக 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறைபாடுகளுடன் பிறந்திருந்தனர் என்பது பொதுவான மதிப்பீடு. தூக்க மருந்தின் வரலாற்றில் இதைவிடக் கொடிய அத்தியாயம் இல்லை.

ஏறக்குறைய அதே காலத்தில் லியோ ஸ்டெர்ன்பாக்கின் பென்சோடயசெபீன்கள் வந்தன. 1960இல் லிப்ரியம், 1963இல் வாலியம். இவற்றை மட்டும் அதிகமாக விழுங்கியவர்கள் பார்பிச்சுரேட் விழுங்கியவர்களைப்போல் எளிதில் சாகவில்லை. அந்த வகையில் இது பெரும் முன்னேற்றம்தான். ஆனால் அமெரிக்க ஆய்வாளர் ஆந்தனி கேல்ஸும் அவர் குழுவினரும் 1978இல் ஒன்றைச் சுட்டிக்காட்டினர். இவற்றில் சில மருந்துகளைத் திடீரென்று நிறுத்தினால், மருந்து தொடங்குவதற்கு முன்பிருந்ததைவிடத் தூக்கம் மோசமாகிறது. இதில் ஒரு கொடுமை உண்டு. மாத்திரையை நிறுத்திய இரவில் பொட்டுத் தூக்கம் இல்லாதவர், 'மாத்திரை இல்லாவிட்டால் எனக்குத் தூக்கமே கிடையாது' என்றுதான் முடிவுக்கு வருவார். மருந்து விட்டுப்போன விளைவையே மருந்துக்கான தேவை என்று நம்பி மீண்டும் அட்டையைப் பிரிப்பார். 1979இல் அமெரிக்க மருத்துவ நிறுவனம் தூக்க மாத்திரைகள் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டு, நீண்ட காலம் அவற்றைப் பரிந்துரைப்பதற்கு ஆதாரம் போதாது என்று எச்சரித்தது. பின்னால் வந்த ஸோல்பிடெமும் விதிவிலக்காகவில்லை. பெண்களுக்கான அதன் தொடக்க அளவை 2013இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பாதியாகக் குறைக்கச் சொன்னது. தூக்கத்திலேயே எழுந்து நடப்பது, வண்டி ஓட்டுவது போன்ற ஆபத்துகளுக்காக 2019இல் மிகக் கடுமையான எச்சரிக்கையை மருந்துக் குறிப்பில் கட்டமிட்டு அச்சிட வைத்தது.

குகையும் ஆய்வுக்கூடமும்

மருந்து ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, தூக்கத்தையே அளந்து பார்க்கும் முயற்சி சிகாகோ பல்கலைக்கழகத்தில் நடந்தது. 1938இல் நதானியேல் கிளைட்மன் தம் மாணவர் புரூஸ் ரிச்சர்ட்சனுடன் கென்டக்கி மாநிலத்தின் மாமத் குகைக்குள் 32 நாட்கள் தங்கினார். பகல் வெளிச்சம் எட்டாத அந்த இடத்தில் நாளை 28 மணி நேரமாக மாற்றி வாழ்ந்து பார்த்தார்கள். இளைஞர் ரிச்சர்ட்சனின் உடல் புதிய அட்டவணைக்குப் பழகியது. நாற்பதைக் கடந்த கிளைட்மனின் உடல் கடைசிவரை 24 மணி நேரத்தையே பிடித்துக்கொண்டிருந்தது. உடலுக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது, அதை விருப்பம்போல் திருப்பிவைக்க முடியாது என்ற எண்ணம் இத்தகைய சோதனைகளில்தான் வலுப்பட்டது. 1982இல் சூரிச் நகர ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பெலி இதற்குத் துணையான இன்னொரு விசையையும் சேர்த்து ஒரே வரைவாக்கினார். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் தூக்கத் தேவை ஏறுகிறது, தூங்கும்போது இறங்குகிறது. உடல் கடிகாரம் தன்பாட்டுக்குத் தனியே ஓடுகிறது. இரண்டும் ஒத்துவரும் வேளையில்தான் நல்ல உறக்கம். சாப்பாட்டுக்கு முன் நொறுக்குத் தீனி தின்றால் பசி கெடுவதுபோல், மாலையில் போடும் குட்டித் தூக்கம் இரவுத் தூக்கத்தைக் கெடுப்பது இதனால்தான்.

இன்னொரு ஆய்வு நோயாளிகளை நேரடியாகத் தொட்டது. மேரி கார்ஸ்கேடன், வில்லியம் டிமென்ட் உள்ளிட்ட ஸ்டான்ஃபோர்டு குழுவினர், தூக்கமின்மையால் அவதிப்பட்ட, மருந்து எடுக்காத 122 பேரை ஆய்வுக்கூடத்தில் தூங்கவைத்து, அவர்கள் சொன்னதையும் கருவி காட்டியதையும் 1976இல் ஒப்பிட்டனர். கண்ணயர எடுத்துக்கொண்ட நேரத்தைப் பெரும்பாலோர் கூட்டிச் சொன்னார்கள், தூங்கிய நேரத்தைக் குறைத்துச் சொன்னார்கள். இதை வைத்து அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று எண்ணுவது பெரும் அநீதி. படுக்கையில் விழித்துக்கிடக்கும் ஒரு மணி நேரம் எவ்வளவு நீளும் என்பது அனுபவித்தவருக்குத் தெரியும். இந்த ஆய்வு உண்மையில் காட்டியது, நோயின் பெரும்பகுதி அந்த விழித்திருக்கும் நேரத்தில் குடியிருக்கிறது என்பதை.

பூட்ஸின் விதிகள்

1972இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ரிச்சர்ட் பூட்ஸின் அமெரிக்க உளவியல் சங்க மாநாட்டில் ஒரு சிகிச்சையை முன்வைத்தார். அதன் பெயர் தூண்டல் கட்டுப்பாடு. பாவ்லவின் காலந்தொட்டு உளவியலில் பழகிய கருத்துதான் அடிப்படை: ஓரிடத்தில் திரும்பத் திரும்ப நடப்பதை உடல் அந்த இடத்தோடு முடிச்சுப் போட்டுவிடும். நன்றாகத் தூங்குபவருக்குத் தலையணை தூக்கத்தின் அடையாளம். பல மாதங்கள் புரண்டு படுத்துக் கவலைப்பட்டவருக்கோ அதே தலையணை விழிப்பின் அடையாளமாகிவிடுகிறது. கூடத்தில் டிவி முன் தலை சாய்ந்து குறட்டை விடுபவர், படுக்கைக்குப் போனதும் கண் கொட்டாமல் விழித்துக்கொள்வதன் காரணம் இதுவே.

அவர் தந்த விதிகள் எளியவை. தூக்கம் கண்ணைச் சொருகும்போதுதான் படுக்கைக்குப் போக வேண்டும். படுக்கையைத் தூக்கத்துக்கும் தாம்பத்தியத்துக்கும் தவிர வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது. படுத்துச் சுமார் பத்து நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போய்விட வேண்டும். மீண்டும் தூக்கம் வந்தால் மட்டும் திரும்பலாம். ஒரே இரவில் எத்தனை முறை ஆனாலும் இதையே செய்ய வேண்டும். எப்படித் தூங்கியிருந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழ வேண்டும். பகலில் தூங்கக் கூடாது. பிற்காலத்தில் பத்து நிமிடம் என்பதைப் பதினைந்து, இருபது என்று தளர்த்தினார்கள். கடிகாரத்தைப் பார்க்காமல் தோராயமாக எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மற்றபடி அரை நூற்றாண்டாக இந்த விதிகள் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன.

ஸ்பீல்மன்: நேரத்தைச் சுருக்குதல்

இந்த வரலாற்றின் உச்சம் 1987 என்பேன். நியூயார்க் நகரக் கல்லூரியில் பணியாற்றிய ஆர்தர் ஸ்பீல்மன் அவ்வாண்டு இரண்டு காரியங்கள் செய்தார். முதலாவது, தூக்கமின்மையின் காரணங்களை மூன்றாகப் பிரித்தார்: ஒருவருடைய இயல்பிலேயே உள்ளவை, நோயை ஆரம்பித்து வைப்பவை, ஆரம்பித்ததை நீடிக்க வைப்பவை. ஒரு மரணம், வேலையிழப்பு, பிரசவம் தூக்கத்தைக் கெடுக்கும். அந்தத் துயரம் ஆறிய பிறகும் தூக்கம் திரும்பவில்லையென்றால், இடையில் அந்த மனிதர் தூக்கத்தை ஈடுகட்டச் செய்துகொண்ட ஏற்பாடுகளைப் பார்க்க வேண்டும். சீக்கிரம் படுப்பது, விடிந்தும் எழாமல் கிடப்பது, மத்தியானம் சாய்வது, ஞாயிற்றுக்கிழமை முழுதும் படுத்தே இருப்பது. ஒவ்வொன்றும் நியாயமாகத் தோன்றும். ஒவ்வொன்றும் தூக்கத்தை நீட்டி மெலிதாக்கிவிடும்.

இரண்டாவது, அதற்கான மருந்தையும் அவரே தந்தார். 35 நோயாளிகளிடம் சோதித்த 'படுக்கை நேரக் கட்டுப்பாடு' அது. ஒருவர் இரவு 10 மணிக்குப் படுத்துக் காலை 6:30க்கு எழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். படுக்கையில் எட்டரை மணி நேரம். இரண்டு வாரம் நாட்குறிப்பு எழுதிப் பார்த்தால் தூங்கியது சராசரியாக ஐந்தரை மணி நேரம். அதாவது படுத்திருந்ததில் 65 சதவீதம் மட்டுமே தூக்கம். அவருக்குச் சிகிச்சையாளர் சொல்வது: இனி இரவு 1 மணிக்குப் படுங்கள், 6:30க்கு எழுந்துவிடுங்கள். கேட்பவர் அதிர்ந்துபோவார், தூக்கமில்லாமல் வந்தவரை இன்னும் விழித்திரு என்றால்? ஆனால் சில நாட்களில் தூக்கத் தேவை ஏறி, அந்த ஐந்தரை மணி நேரமும் இடைவெளி இல்லாமல் நிரம்பத் தொடங்கும். ஐந்து நாள் சராசரி 90 சதவீதத்தைத் தொட்டால் படுக்கும் நேரத்தை 15 நிமிடம் முன்னுக்குக் கொண்டுவரலாம். 85க்குக் கீழே போனால் இன்னும் சுருக்க வேண்டும். இப்படிக் கால் மணி கால் மணியாக, அறுந்த தூக்கம் ஒட்டிச் சேர்கிறது.

முதல் ஓரிரு வாரங்கள் பகலில் கண் இழுக்கும். கனரக வண்டி ஓட்டுபவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள், இருதுருவ மனநோய் உள்ளவர்கள் இதைத் தாமாகச் செய்யவே கூடாது. மற்றவர்களும் மருத்துவரிடமோ பயிற்சி பெற்றவரிடமோ கேட்டுக்கொண்டு தொடங்குவது நல்லது.

பட்டியலில் தொலைந்தவை

இன்று மருத்துவமனைச் சுவர்களில் ஒட்டப்படும் 'தூக்க ஒழுங்கு' பட்டியலுக்குப் பரவலான வடிவம் தந்தவர் பீட்டர் ஹவுரி, 1977இல். காபி, மது, சத்தம், உடற்பயிற்சி பற்றிய குறிப்புகளோடு, படுக்கையில் கிடக்கும் நேரத்தைக் குறைப்பது தூக்கத்தைக் கெட்டிப்படுத்தும் என்றும், வலிந்து தூங்க முயல்வதைவிட விளக்கைப் போட்டு வேறேதாவது செய்வது மேல் என்றும் அவர் எழுதியிருந்தார். பட்டியல் பரவப் பரவக் காபியும் இருட்டறையும் தங்கின. கடினமான இந்த இரண்டும் பல இடங்களில் நழுவிவிட்டன. சுகமான அறிவுரைதான் எளிதில் பயணம் செய்கிறது. தூக்க ஒழுங்கை மட்டும் தனிச் சிகிச்சையாக அளிக்க வேண்டாம் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2021இல் பரிந்துரைத்ததற்கு இந்த வரலாற்றையும் சேர்த்தே பொருள்கொள்ள வேண்டும்.

சோதனையில் நின்றது

இந்தத் துண்டுகளை, தூக்கம் பற்றிய அச்சங்களைப் பேசித் திருத்தும் முறையோடு கோத்து ஒரே சிகிச்சையாக்கியவர்களில் முதன்மையானவர் கியூபெக்கின் லவால் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்லஸ் மொரின். அவருடைய 1993ஆம் ஆண்டு நூல் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் கையேடாயிற்று. 1999இல் அவர் குழு முதியவர்கள் 78 பேரை நான்காகப் பிரித்தது: சிலருக்கு இச்சிகிச்சை, சிலருக்கு டெமாசெபாம் மாத்திரை, சிலருக்கு இரண்டும், சிலருக்கு வெறும் போலி மாத்திரை. எட்டு வாரத்தில் முதல் மூன்று குழுக்களுமே தேறின. இரண்டு ஆண்டு பின்தொடர்ந்தபோது, நடத்தைச் சிகிச்சை பெற்றவர்களின் பலன் நிலைத்தது. மாத்திரை மட்டும் எடுத்தவர்களின் பலன் நிலைக்கவில்லை. 2016இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி, நாள்பட்ட தூக்கமின்மை உள்ள பெரியவர்கள் அனைவருக்கும் முதலில் அளிக்க வேண்டியது இச்சிகிச்சையே என்று அறிவித்தது.

பலனை மிகைப்படுத்தவும் கூடாது. 20 ஆய்வுகளைத் தொகுத்த 2015ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றின்படி, கண்ணயரும் நேரம் சுமார் 19 நிமிடமும், இடையில் விழித்துக்கிடக்கும் நேரம் 26 நிமிடமும் குறைந்தன. மொத்தத் தூக்கம் கூடியதோ 8 நிமிடத்துக்கும் குறைவு. எட்டு மணி நேரத் தூக்கத்தை எதிர்பார்த்து வருபவருக்கு இது ஏமாற்றம் தரலாம். ஆனால் இரவின் வேதனை இருந்தது விழித்துக்கிடந்த நேரத்தில்தான், அதுவே குறைகிறது. 2024இல் 241 ஆய்வுகளைப் பகுத்துப் பார்த்த இன்னொரு தொகுப்பு, பூட்ஸின் முறை, ஸ்பீல்மன் முறை, எண்ணங்களைத் திருத்தும் பயிற்சி ஆகியவற்றுக்குப் பலன் உண்டு என்றும், தூக்க ஒழுங்கு அறிவுரை இன்றியமையாததல்ல என்றும் கண்டது.

இனி வேண்டியது இது எளியவர்களுக்குக் கிடைப்பது. அதற்கு இங்கிலாந்தில் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். 642 பேர் பங்கேற்று 2023இல் வெளியான ஓர் ஆய்வில், ஸ்பீல்மன் முறையை மனநல நிபுணர்கள் அல்லாத ஆரம்ப சுகாதாரச் செவிலியர்களே கற்றுக்கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்தும் பலன் தெரிந்தது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மருந்து கொண்டுபோகும் ஏற்பாடு தமிழ்நாட்டில் 2021 முதல் இருக்கிறது. அந்த ஏற்பாட்டில் பணியாற்றுபவர்களுக்கு இதையும் கற்பிப்பது பற்றி நம் சுகாதாரத் துறை யோசிக்க வேண்டும். வாரத்தில் மூன்று இரவாவது, மூன்று மாதமாகத் தூக்கம் கெட்டிருப்பவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். பலத்த குறட்டையும் மூச்சுத் திணறலும் இருந்தால் அதை முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரண்டு வாரம் படுத்த நேரம், தூங்கிய நேரம், எழுந்த நேரம் மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து, அந்த நோட்டோடு மருத்துவரைப் பாருங்கள்.