கான்சர்ட் பை த ஸீ

கான்சர்ட் பை த ஸீ, அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் எரோல் கார்னரின் நேரடிக் கச்சேரி இசைத்தட்டு. கலிபோர்னியாவில் கார்மல் பை த ஸீ என்னும் கடலோரச் சிற்றூரில் 1955 செப்டம்பர் 19 அன்று அவர் வாசித்த கச்சேரியின் பதிவு இது. கொலம்பியா நிறுவனம் இதை 1956-இல் வெளியிட்டது. ஜாஸ் உலகில் மிக அதிகமாக விற்ற இசைத்தட்டுகளில் ஒன்றாக இருந்தாலும், வெளியிட வேண்டும் என்ற எண்ணத்தோடு இதை யாரும் பதிவு செய்யவில்லை.

கார்னர் 1921-இல் பிட்ஸ்பர்க்கில் பிறந்தவர். இசைக்குறிப்பைப் பார்த்து வாசிக்க அவர் கடைசிவரை கற்றுக்கொள்ளவில்லை. அவ்வளவும் கேள்வி ஞானம். ஆள் குள்ளம். கைகள் கட்டைகளுக்குச் சரியான உயரத்தில் அமைய, இருக்கைமேல் டெலிபோன் டைரக்டரியைப் போட்டு உட்கார்ந்துதான் வாசிப்பார். 1940-களில் நியூயார்க்குக்கு வந்து பெயர் பெற்றார். 1947-இல் சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரோடு சேர்ந்து இசைத்தட்டு போட்டார். 1954-இல் தம் புகழ்பெற்ற ‘மிஸ்டி’ மெட்டை அமைத்தார். கார்மல் கச்சேரியின்போது அவருக்கு வயது 34. ஜாஸ் ரசிகர்கள் மட்டுமல்லாமல், ஜாஸ் என்றால் என்னவென்று தெரியாதவர்களும் விரும்பிக் கேட்கும் கலைஞராக அதற்குள் ஆகியிருந்தார்.

கச்சேரியை ஏற்பாடு செய்தவர் வானொலி அறிவிப்பாளர் ஜிம்மி லயன்ஸ். மூன்று ஆண்டுகள் கழித்து மான்டரே ஜாஸ் விழாவைத் தொடங்கியவரும் இவரே. கச்சேரி நடந்த இடம் சன்செட் பள்ளியின் அரங்கம். பக்கவாத்தியமாக டபுள் பேஸில் எடி கல்ஹூன், டிரம்ஸில் டென்சில் பெஸ்ட். அருகிலிருந்த ஃபோர்ட் ஆர்ட் ராணுவ முகாமில் பணியாற்றிய வில் தார்ன்பரி என்ற ஜாஸ் ரசிகர், தானும் தன் சக வீரர்களும் பிறகு கேட்பதற்காக மேடைக்குப் பின்னால் ஒரு டேப் ரெக்கார்டரை ஓடவிட்டிருந்தார். அது கார்னரின் மேலாளர் மார்த்தா கிளேசரின் கண்ணில் பட்டது. தன் கலைஞரின் உரிமைகளில் இம்மியும் விட்டுக்கொடுக்காதவர் அவர். நாடாவைத் தன்னிடம் கொடுத்தால் கார்னரின் இசைத்தட்டுகளைப் பதிலுக்குத் தருவதாகச் சொல்லி அதை வாங்கிக்கொண்டார். பிறகு கொலம்பியாவின் தயாரிப்பாளர் ஜார்ஜ் அவாக்கியனுக்குப் போட்டுக் காட்ட, அவர் வெளியிடச் சம்மதித்தார்.

ஒலித்தரம் சுமார்தான். பியானோ முன்னால் நிற்க, பேஸ் எங்கோ அடியில் முனகுகிறது. டிரம்ஸைச் சில இடங்களில் ஊகித்துத்தான் அறிய வேண்டும். ஸ்டூடியோவில் எவ்வளவோ மெருகேற்றியும் இந்தக் குறை முழுதாகப் போகவில்லை. இதையும் ஒரு அழகு என்று கொண்டாடுவோர் உண்டு. அது மிகை. குறை குறைதான். ஆனால் கார்னரின் பியானோவே ஒரு முழு வாத்தியக் குழுவாக ஒலிப்பதால் அந்தக் குறை இங்கே தாங்கிப்போகிறது.

அவருடைய இடது கை, கிடாரில் தட்டுவதுபோலச் சீராக நான்கு அடிகளைப் போட்டுக்கொண்டே போகும். வலது கை அந்த அடிக்கு ஒரு இழை பின்தங்கி வரும். தாளம் நழுவிவிடுமோ என்று கேட்பவர் பதறும் நொடியில் இரண்டும் சேர்ந்துவிடும். கார்னர் பாணி என்று சொல்லப்படுவதன் உயிர் இந்த இழுபறியில்தான் இருக்கிறது. இன்னொரு விசேஷம் அவருடைய முன்வாசிப்பு. என்ன ராகம் என்று பிடிபடாமல் சபையைக் காக்கவைக்கும் ஆலாபனைபோல, வரப்போகும் பாட்டோடு சம்பந்தமே இல்லாத எதையோ வாசித்துக்கொண்டு போவார். பக்கத்தில் இருக்கும் பேஸ்காரருக்கே அடுத்தது என்ன பாட்டு என்று தெரியாது. திடீரென்று மெட்டு தலைகாட்டியதும் சபை கைதட்டும். முதல் பாட்டான ‘ஐ’ல் ரிமம்பர் ஏப்ரல்’ இப்படித்தான் தொடங்குகிறது. வாசிக்கும்போது கார்னர் தமக்குள் முனகுவதும் உறுமுவதும்கூட நாடாவில் விழுந்திருக்கிறது.

மூல இசைத்தட்டில் 11 உருப்படிகள். ‘மாம்போ கார்மல்’ ஊரின் பெயரைத் தாங்கியது. கோல் போர்ட்டரின் ‘இட்ஸ் ஆல் ரைட் வித் மீ’, ராட்ஜர்ஸ்–ஹார்ட் இணையின் ‘வேர் ஆர் வென்’ இரண்டும் மூச்சுவிட நேரம் தராத வேகம். அதிகம் பேசப்படுவது ‘ஆட்டம் லீவ்ஸ்’. ஜோசப் கோஸ்மா இசையமைத்த பிரெஞ்சுப் பாட்டு அது. அதே மாதங்களில் ராஜர் வில்லியம்ஸின் பியானோ வடிவம் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் மேலேறிக்கொண்டிருந்தது, அக்டோபரில் முதலிடத்தையும் பிடித்தது. கார்னர் அதே பாட்டைத் தாளக்கட்டு இல்லாமல் அலையலையாக விரித்து, நிதானமாக நடைக்குக் கொண்டுவருகிறார். அலங்காரம் கொஞ்சம் தூக்கல் என்று குறை சொல்பவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ‘மிஸ்டி’ இதில் இல்லை என்பது புதிதாக வாங்குவோருக்குச் சிறு ஏமாற்றம்.

1958-க்குள் இசைத்தட்டின் விற்பனை பத்து லட்சம் டாலரைத் தாண்டியதாகச் சொல்வார்கள். கடற்பாறைகளின் நடுவே கைகளை விரித்து நிற்கும் பெண்ணின் படம் போட்ட அதன் உறை, அக்கால அமெரிக்க வீடுகளில் பழகிய காட்சியானது. ஆனால் கொலம்பியாவோடு இருந்த உறவு நிலைக்கவில்லை. தம் அனுமதி இல்லாமல் பழைய பதிவுகளை வெளியிட்டதாகக் கார்னர் 1960-இல் அந்த நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடர்ந்தார். எதை வெளியிடுவது என்று தீர்மானிக்கும் உரிமை ஒப்பந்தப்படி அவருக்கு இருந்தது. பெரிய நிறுவனத்தை எதிர்த்து ஒரு கறுப்பினக் கலைஞர் இப்படி வழக்காடி ஈடு பெற்றது அன்று அரிது. அவரும் கிளேசரும் ஆக்டேவ் என்ற சொந்த நிறுவனத்தையும் தொடங்கினார்கள். கார்னர் 1977 ஜனவரி 2 அன்று இறந்தார். அவருடைய நாடாக்களையும் தாள்களையும் கிளேசர் தம் இறுதிக்காலம்வரை காத்துவந்தார்.

கிளேசர் 2014-இல் மறைந்தபின், அந்தச் சேகரிப்பு பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குச் சென்றது. பியானோ கலைஞர் ஜெரி ஆலன் பங்குபெற்ற முயற்சியால் 2015-இல் முழுக் கச்சேரியும் மூன்று குறுந்தகடுகளாக வெளிவந்தது. ‘கேரவன்’, ‘லாரா’, ‘லல்லபை ஆஃப் பேர்ட்லேண்ட்’ உட்பட, 1956-இல் இடம்பெறாத 11 உருப்படிகள் அதில் உண்டு. ஒலியும் முன்பைவிடத் தெளிவு. பழங்காலப் பதிவுகளுக்கான கிராமி விருதுக்கும் அது முன்மொழியப்பட்டது. இருந்தாலும் முதல்முறை கேட்பவர் மூல இசைத்தட்டின் 11 பாட்டுகளிலிருந்து தொடங்குவதே நல்லது. முழுக் கச்சேரியை அடுத்த சுற்றில் கேட்டுக்கொள்ளலாம்.