காமிரீத்துவின் திறந்த அரங்கு

1977-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் கூகி வா தியாங்கோ எழுதிய புதிய ஆங்கில நாவலை, கென்ய நாட்டு நிதியமைச்சர் முவாய் கிபாகியே நைரோபியில் வெளியிட்டு வைத்தார். சுதந்திரத்தின் பலனைச் சிலர் மாத்திரம் அபகரித்துக்கொண்டனர் என்று கடுமையாகக் கண்டிக்கிற அந்த நூலை மேடையேற்றி மரியாதை செய்வதில் அதிகார வர்க்கத்துக்கு யாதொரு ஆட்சேபமும் இருக்கவில்லை. அதே கண்டனத்தை அவர் தம் தாய்மொழியான கிகூயு பாஷையில் கூறிய நாடகமோ, அதே ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி தடை செய்யப்பட்டது. டிசம்பர் இறுதியில் ஆசிரியரும் விசாரணையின்றிச் சிறை புகுந்தார்.

அந்நாடகம் பிறந்த காமிரீத்து, லிமுருவை அடுத்த கிராமம். ஆங்கிலேய ஆட்சிக்கு எதிரான மாவ் மாவ் எழுச்சியின்போது, குடிகளைக் காட்டிலிருந்த போராளிகளிடமிருந்து பிரித்துவைக்கும் பொருட்டு ஆங்கிலேயர் உண்டாக்கிய குடியிருப்பு. 1963-இல் விடுதலை கிடைத்த பின்னரும், அங்குள்ளவர்கள் தேயிலைத் தோட்டங்களிலும் அருகிலிருந்த காலணித் தொழிற்சாலையிலும் கூலிக்கே உழைத்துவந்தார்கள். 1976-இல் அவ்வூர்ப் பெண்மணி ஒருவர், பல்கலைக்கழக ஆசிரியராயிருந்த கூகியின் வீடு தேடி வந்து, அவருடைய கல்வி ஊருக்கும் பயன்பட வேண்டுமென்று விடாமல் வற்புறுத்தியதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

கூகி வா மீரி என்பவருடன் சேர்ந்து கூகி வா தியாங்கோ எழுதிய அந்நாடகத்தில், ஓர் ஏழைக் குடியானவன் தன் ஒன்றரை ஏக்கர் நிலத்தின் பட்டாவைச் சுவரில் மாட்டிப் போற்றி வைத்திருக்கிறான். ஊர்ச் செல்வரின் தந்திரத்தில் அந்த நிலமே கைவிட்டுப் போகிறது. ஒத்திகைகள் யாவும் வெளிப்படையாக நடந்தமையால், முதியவர் ஒருவர் இப்படிப் பேசமாட்டார், இந்தச் சொல் அவர் வாயில் வராது என்று கிராமவாசிகள் அங்கேயே திருத்தினார்கள். பழைய கல்யாணச் சடங்கின் பாட்டுச் சம்வாதத்தை, எழுத்தறியாத கிழவி ஒருத்தி சொல்லுக்குச் சொல் ஒப்புவித்தாள். சுமார் 2,000 பேர் அமரக்கூடிய, கூரையற்ற அரங்கையும் அவர்களே தம் உழைப்பால் எழுப்பிக்கொண்டார்கள். 1977 அக்டோபர் 2-ஆம் தேதி முதற்காட்சி நடந்தது.

தாய்மொழியில் எழுதியதே அரசாங்கத்தை வெகுண்டெழச் செய்தது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது பாதி உண்மைதான் என்பது என் அபிப்பிராயம். தங்கள் வாழ்க்கையைத் தாங்களே ஆராய்ந்து, தாங்களே அரங்கமைத்து, தங்களுக்கே நடித்துக் காட்டிக்கொள்ளப் பழகிய ஒரு கிராமம், எந்த ஆசிரியனையும்விட அதிகார பீடத்துக்கு அச்சமூட்டுவது. ஆகையினால்தான், 1982-இல் அவர்கள் மற்றொரு நாடகத்துக்கு ஆயத்தமானபோது தேசிய நாடக மன்றத்தின் கதவு அடைக்கப்பட்டதோடு, மார்ச் மாதத்தில் காவலர் வந்து காமிரீத்து அரங்கையே இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். கூகியும் அவ்வாண்டிலேயே நாட்டை விட்டு அகல நேர்ந்தது.

ஆயினும் முந்தைய சிறைவாசத்தின்போது அவர் காமிதிச் சிறையில், மலம் துடைக்கத் தந்த காகிதத்தில் கிகூயுவிலேயே எழுதி, 1980-இல் பிரசுரமான நாவல் (தமிழில் ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’) வீடுகளிலும் பேருந்துகளிலும் உரக்க வாசிக்கப்பட்டது. மதுக்கடையில் ஒருவர் வாசிக்கச் சுற்றியிருந்தோர் கேட்பார்கள். கதை முறுகும் கட்டத்தில் அவர் கோப்பை காலியாகி வாசிப்பு நின்றுவிட்டால், இன்னொரு புட்டி கொடுங்கள் என்று கேட்போரே குரல் கொடுப்பார்களாம்.