ஒரு பிள்ளைக்கு ஓர் ஆள்

வீட்டில் பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால், அமெரிக்காவில் அரசு தலையிட்டு அதை வேறொரு குடும்பத்தில் வளர விடும். பெற்றோரிடம் திருப்பி அனுப்புவதா, தத்துக் கொடுப்பதா என்று முடிவு செய்வது நீதிமன்றம்.

1970களின் நடுவில் சியாட்டிலில் இத்தகைய வழக்குகளை விசாரித்தவர் நீதிபதி டேவிட் சூக்கப். பெற்றோருக்கு ஒரு வாதம், சமூகநலத் துறைக்கு ஒரு வாதம். பிள்ளைக்காக மட்டும் விசாரித்து வந்து சொல்ல ஆள் இல்லை. 1976இல் மூன்று வயதுக் குழந்தை ஒன்றின் வழக்கு வந்தது. துன்புறுத்தப்பட்டதாகச் சந்தேகம், முடிவெடுக்கத் தகவல் போதவில்லை. சொன்ன தீர்ப்புகள் சரிதானா என்ற உறுத்தலில் அவருக்குத் தூக்கம் கெட்டது.

பிள்ளைக்கென்று நீதிமன்றத்தில் ஒருவர் இருக்க வேண்டும் என்று 1974இன் மத்தியச் சட்டம் ஏற்கெனவே வலியுறுத்தியிருந்தது. வக்கீலை அமர்த்தினால் செலவு. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று அலைய அவருக்கு நேரமும் இராது. பயிற்சி கொடுத்தால் ஊர்க்காரர்களே செய்ய மாட்டார்களா? நாலைந்து பேரை மதியம் வரச்சொல்லுங்கள், சாப்பாட்டை அவரவரே கட்டிக்கொண்டு வரட்டும் என்று உதவியாளரிடம் சொன்னார் சூக்கப். வந்தவர்கள் ஐம்பது பேர்!

1977இல் திட்டம் தொடங்கியது. முதல் ஆண்டிலேயே 110 தன்னார்வலர்கள் 498 பிள்ளைகளுக்காக நீதிமன்றம் ஏறினார்கள். 'காசா' (CASA) என்ற பெயரில் அது மற்ற மாநிலங்களுக்கும் பரவி, 1982இல் தேசியச் சங்கமானது. 1990இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றி ஆதரவு தந்தது.

தன்னார்வலருக்குச் சட்டப் படிப்பு வேண்டாம். சுமார் 30 மணி நேரப் பயிற்சி முடிந்ததும் நீதிபதி நியமிப்பார். பெரும்பாலும் ஒருவருக்கு ஒன்றிரண்டு வழக்குதான், பலம் அங்கேதான். கோப்பைப் படிக்கலாம், பிள்ளையை அடிக்கடி போய்ப் பார்க்கலாம், ஏன் பள்ளிக்கு வரவில்லை என்று டீச்சரிடம் விசாரிக்கலாம். பிறகு நீதிபதிக்கு அறிக்கை. "அம்மாகிட்டயே போகணும்" என்று பிள்ளை சொன்னால், அதை அப்படியே எழுத வேண்டும். அது நல்லதில்லை என்று தனக்குத் தோன்றினால், காரணத்தோடு அதையும் எழுத வேண்டும். முடிவு நீதிபதியுடையது.

சமூகப் பணியாளர் மாறுவார், வளர்க்கும் வீடும் மாறும். வழக்கு முடியும்வரை மாறாமல் ஒருவர் கூடவே வர வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஓய்வு பெற்ற பிறகு சூக்கப்பே அந்த வேலைக்குத் தன்னார்வலராகச் சேர்ந்தார்.